தாய்வீட்டுச் செலவு

ஜூன் 9, திங்கள்

காலை 140/90. மாலை 146/94.

பி.பி.யை எழுதி வைக்கச் சொன்னார் சென்னை டாக்டர். எண்ணை எழுதியபிறகு மூடிவைக்க மனம் வரவில்லை. அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

நேற்று ராஜபாளையத்தில் வளைகாப்பு முடிந்து கோவில்பட்டி வந்துவிட்டோம். கை நிறைய கண்ணாடி வளையல். புரண்டு படுத்தால் சத்தம். எனக்கு ஏழு மாதம் என்று தெருவுக்கே தெரிகிறது. வேலை போய்விட்டது என்று இன்னும் தெரியாது. படுக்கையில் ஓய்வெடுக்கவேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று பதில் வந்தது. பூங்கொத்துப் படம் ஒன்றும் கூடவே வந்தது.

கார் கிளம்பும்போது அத்தை அப்பாவிடம் சொன்னார்: "சம்மந்தி, நல்ல ஆஸ்பத்திரியாப் பாருங்க. கவர்மெண்ட் பக்கம் போயிராதீங்க. எங்க வீட்டு மொத வாரிசு."

"நீங்க சொல்லணுமா சம்மந்தி?" என்றார் அப்பா.

மோகன் பின்னால் நின்று டிக்கியில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது.

ஜூன் 13, வெள்ளி

150/100.

அத்தை சொன்ன மாதிரியே நல்ல ஆஸ்பத்திரி. தரை வழுக்குகிறது. குழந்தை சரியாக இருக்கிறதாம், எனக்குத்தான் சிறுநீரில் புரதம் போகிறதாம். வாரம் ஒருமுறை வரவேண்டும், ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். பணம் கட்டும் இடத்தில் அப்பா என் கண்ணில் எதுவும் படாதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எவ்வளவு என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு அது? நீ சாப்புடு, தூங்கு."

அரசு பஸ்ஸில் முப்பத்து மூன்று வருடம் கண்டக்டராக இருந்தவர். சில்லறை விஷயத்தில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

ஸ்கேன் படத்தை மோகனுக்கு அனுப்பினேன். இதயம் ஒன்று போட்டு, "மூக்கு என்னை மாதிரி இருக்கு" என்று பதில் அனுப்பினார். திரும்பத் திரும்ப அதை எடுத்துப் பார்த்தேன். நெட்வொர்க் சரியில்லை, அடுத்த செய்தி ஏதும் வருகிறதா என்று பார்க்கத்தான்.

ஜூன் 20, வெள்ளி

148/98. கால் வீங்கியிருக்கிறது.

அப்பா இப்போது தினமும் காலையிலேயே சங்க அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறார். ஓய்வு பெற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறாராம். இருட்டியபிறகு வந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொள்கிறார். மனு எழுதினால் முட்டி ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். "வயசுல" என்று அம்மா பதில் சொன்னாள். அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு அவள் ஏன் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லவேண்டும்?

அவருக்கும் பொழுது போகவேண்டும்தான்.

ஜூன் 27, வெள்ளி

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இன்றுதான் வீட்டுக்கு விட்டார்கள். ஊசி, சொட்டு மருந்து, குழந்தையின் நுரையீரலுக்கென்று தனி ஊசி. அறை வாடகை மட்டும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆகும்.

வீடு வந்ததும் மோகனைக் கூப்பிட்டேன். பேச்சை அப்படியே எழுதுகிறேன். பிற்பாடு நான்தான் கோபக்காரி என்று யாராவது சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடக்கூடாது.

"இந்தத் தடவை பில்ல நீங்க கட்டுங்க," என்றேன்.

"மாமா கட்டலையா?"

"கட்டிட்டாங்க. அதான் கேக்குறேன். நீங்க ஏன் கட்டல?"

"செண்பா, தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான? அது வழக்கம். நான் குடுத்தா மாமா தப்பா நெனைப்பாரு. அவரை அவமானப்படுத்துற மாதிரி."

"அவருக்கு அவமானமா இருக்கும்னு அவரு சொன்னாரா, உங்கம்மா சொன்னாங்களா?"

"இப்ப ஏன் அம்மாவ இழுக்குற? புள்ள பொறந்ததும் எல்லாச் செலவும் நம்மளோடதுதான. காலம் பூரா நான்தான பாக்கப்போறேன்?"

"இப்ப வயித்துக்குள்ள இருக்குறது யாரோடது?"

"டென்ஷன் ஆகாத. பி.பி. ஏறிரும்."

வைத்துவிட்டேன். ஏறத்தான் செய்தது. 156/104.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 28, சனி

நான் கூப்பிடவில்லை. அவரும்.

ஜூலை 1, செவ்வாய்

150/100.

அனுசுயா கூப்பிட்டாள். மோகனின் தங்கை, சாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பெண் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது. என் உடம்பை விசாரித்தாள். நான் அடக்கிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மதினி, என் பிரசவத்துக்கு யாரு கட்டுனதுன்னு அண்ணன் சொல்லலையா?"

"உங்க வீட்டுக்காரர்தான?"

"அவரு எங்க கட்டுனாரு? லட்டு டப்பா வாங்கிட்டு வந்தாரு. கட்டுனது பூரா அண்ணன். ஆபரேஷன், ரூம், புள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு லைட்டுல வச்சது, எல்லாமே. எங்கப்பா இல்லைல்ல, அதனால அவன் கடமையாம். லோன் போட்டுத்தான் கட்டுனான். இன்னும் மாசாமாசம் போயிட்டிருக்கு."

எனக்குத் தெரியாது. பைக்குக்கு லோன் என்று சொல்லியிருந்தார். அந்த மாதமெல்லாம் என் சம்பளத்தில் பாதியைப் போட்டு நான்தான் வீட்டு வாடகை கொடுத்தேன்.

அனுசுயாவுக்குக் கொடுத்தது குற்றமில்லை. அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? ஆனால் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அனுசுயா குழந்தைக்கு மோகன் கட்டுகிறார். மோகன் குழந்தைக்கு என் அப்பா கட்டுகிறார். அனுசுயாவின் புருஷன் நாளை அவன் தங்கைக்குக் கட்டுவானாம், அவளே சொன்னாள். எல்லா ஆண்களும் கட்டத்தான் செய்கிறார்கள். தான் பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஒருவனும் கட்டுவதில்லை.

யார் இதை ஏற்பாடு செய்தது? கையில் கிடைத்தால் கேட்பேன்.

ஜூலை 3, வியாழன்

கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லியிருந்தார். காலையில் அம்மாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆட்டோ கிடைக்கவில்லை. மினி பஸ் வந்தது. "இதுல வேண்டாம், அடுத்ததுல போவோம்" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். வெயிலில் என்னால் நிற்க முடியவில்லை. ஏறிவிட்டேன். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"டிக்கெட், டிக்கெட்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

அப்பா தோளில் தோல் பையோடு, கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை புதிது. அவரைப் பார்த்ததும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கேட்டால் உண்மையாகிவிடும் என்று கேட்காமல் இருந்திருக்கிறேன்.

"எங்கம்மா?" என்று அப்பா கேட்டார், யாரோ பயணியிடம் கேட்பது போல.

"கோர்ட்டு."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அவர் முட்டி மடங்கி, சமாளித்து நிமிர்ந்ததைப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது.

அங்கே வழக்கறிஞர் ரெஜினா என்று ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். நான் சொல்வதை முழுதாகக் கேட்டார்.

"மனைவியப் பராமரிக்கணும்னு சட்டம் இருக்கு. வைத்தியச் செலவு கேக்கலாம், தப்பே இல்ல. ஆனா, கர்ப்பச் செலவுல தகப்பனுக்குப் பங்கு இருக்குன்னு தனியா ஒரு வரி நான் பாத்ததில்ல. அப்படி ஒரு வரி இருந்தா, நீ இப்படி வயித்தப் புடிச்சுக்கிட்டு என் முன்னால வந்து உக்கார வேண்டியதில்ல."

"அந்த வரிய எழுதினா என்னவாம்?"

"எழுதுறவங்க யாரும் புள்ள பெத்ததில்லையோ என்னவோ," என்றார். சிரிக்கவில்லை. "இப்ப வழக்கு வேண்டாம், இழுக்கும். சமரச மையத்துல மனு போடுவோம். ரெண்டு வாரத்துல கூப்பிடுவாங்க. உனக்கு எவ்வளவு வேணும்?"

"பாதி."

"முழுசும் கேக்கலாமே?"

"வேண்டாம் மேடம். மீதிப் பாதி என்னோடது. வேலைக்குப் போனதும் எங்கப்பாவுக்கு நான் குடுத்துருவேன். இந்தப் புள்ளைக்கு ரெண்டு பேருதான் கடன்பட்டவங்க. மூணாவது ஆளு இல்ல."

அம்மா அங்கேயே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ரெஜினா மேடம் தண்ணீர் கொடுத்தார்.

ஜூலை 4, வெள்ளி

158/104.

அப்பா பேசவில்லை. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டு:

"எம் பொண்ணு பிரசவத்துக்கு ஊரான்கிட்டக் கையேந்துற நெலமைக்கு நான் இன்னும் வரல."

"ஊரான் இல்லப்பா. புள்ளையோட தகப்பன்."

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். இன்று காலையில் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இப்போது மறைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூலை 14, திங்கள்

சமரச மையம். எட்டாவது மாதம். தலை விண்விண்ணென்று இருந்தும் போனேன். வரவில்லை என்றால் பயந்துவிட்டாள் என்பார்கள்.

மோகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். முகச்சவரம் செய்யவில்லை. என் காலைப் பார்த்து, "இவ்வளவு வீங்கியிருக்கா?" என்று மெல்லக் கேட்டார். நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் அத்தை, பட்டுப்புடவையில். எதிரில் நானும் ரெஜினா மேடமும். அப்பா வரமாட்டேன் என்றவர், கடைசியில் வந்து கதவோரம் நின்றார்.

சமரசம் பேசுபவர் நரைத்த தலை வக்கீல். நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "ஏம்மா, தலைப்பிரசவத்தத் தாய்வீட்டுல பாக்குறது நம்ம பக்கத்து வழக்கம்தான? இதுக்கெல்லாமா மனுப் போடுவாங்க?"

"சார், பொறக்கப்போற புள்ளைக்கு இனிஷியல் யாரோடது?"

"அப்பாவோடதுதாம்மா."

"யாரோட அப்பா? என் அப்பாவோடதா, புள்ளையோட அப்பாவோடதா?"

அவர் சிரிப்பு நின்றது.

"இனிஷியல் இவரோடதுன்னா, பில்லு மட்டும் ஏன் சார் எங்கப்பா பேருல வருது?"

அத்தை குறுக்கே பாய்ந்தார். "பாத்தீங்களா பேச்ச? நான் மூணு பெத்தேன், ஒண்ணு தங்கல. எங்கப்பா வீட்டுலதான் எல்லாம். இப்படியா கோர்ட்டுல போயி உக்காந்தோம்?"

"உங்கப்பாவுக்கு எவ்வளவு கடன் ஆச்சுன்னு கேட்டீங்களா அத்தை?"

வேறு எதையோ நினைத்துக்கொண்டதுபோல இருந்தது அத்தை முகம். அதற்குள் மோகன் பேசினார்.

"சார், எனக்குக் கட்டக்கூடாதுன்னு இல்ல. ஏற்கெனவே ஒரு லோன் போயிட்டிருக்கு. ரெண்டு பக்கமும் என்னால முடியாது."

"ரெண்டு பக்கமா?" என்றேன். "நான் எந்தப் பக்கம்?"

அப்போதுதான் கதவு திறந்து அனுசுயா வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. சாத்தூரிலிருந்து தனியாக வந்திருக்கிறாள். அத்தை, "நீ எதுக்குடி வந்த?" என்று எழுந்தார்.

"சார், அந்த லோன் என் பிரசவத்துக்குப் போட்டது," என்றாள் அவள். "நேத்து எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். நம்ம புள்ளைக்கு எங்கண்ணன் ஏன் கடன் கட்டணும்னு. ஒரு அறை விட்டாரு. விட்டாலும், யோசிக்கிறாரு. அந்தக் கடனுல பாதிய நாங்க கட்டுறோம்னு நான் சொல்றேன். அண்ணே, நீ உம் புள்ளைக்குக் கட்டு."

அவள் கன்னத்தை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். மோகன் எழுந்துவிட்டார். "அவன் கை வச்சானா?" என்று கேட்டார்.

"அதுக்கு மட்டும் கோவம் வருதுல்ல?" என்றாள் அனுசுயா. "உக்காருண்ணே."

சமரசம் பேசுபவர் பேனாவைத் திறந்தார். கதவோரத்திலிருந்து அப்பா குரல்: "எனக்கு மாப்பிள்ள காசு வேண்டாம் சார். எழுதாதீங்க."

என் வாழ்நாளில் அப்பாவை எதிர்த்துக் கத்தியதில்லை. இன்று கத்தினேன். "உங்களுக்கு யாருப்பா குடுக்கச் சொன்னது? இது உங்களுக்கு வர்ற காசு இல்ல, அவரு புள்ளைக்கு அவரு கட்டுறது! நீங்க மூச்சுவிடாமக் கட்டுனதாலதான் இவங்க யாரும் வாயத் திறக்கல. உங்க கௌரவத்துக்கு நான் ஏன் மினி பஸ்ல உங்ககிட்ட டிக்கெட் வாங்கணும்?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

மோகன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த அமர்வு இருபத்து நாலாம் தேதி.

ஜூலை 15, செவ்வாய்

170/110. கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு, பாளையங்கோட்டை

இன்றுதான் உட்கார முடிகிறது. தையல் இழுக்கிறது.

பதினாறாம் தேதி காலையில் தலைவலி தாங்கவில்லை. அந்த நல்ல ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: உடனே எடுக்கவேண்டும், குறைமாதக் குழந்தை, பல நாள் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைக்கவேண்டியிருக்கும், இங்கே வைத்தால் இவ்வளவு ஆகும். அப்பா, "ஏற்பாடு பண்ணிட்டு வாறேன்" என்று செருப்பைத் தேடினார். வீட்டுப் பத்திரத்தை எடுக்கப் போகிறார் என்று அம்மா முகத்தைப் பார்த்தே தெரிந்தது. போனில் அத்தை, "கவர்மெண்ட் மட்டும் வேண்டாம் சம்மந்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

"டாக்டர், என் உடம்பு. நான் சொல்றேன்," என்றேன். "பாளையங்கோட்டை கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க. 108-ஐக் கூப்புடுங்க."

அவர் மறுபேச்சில்லாமல் எழுதினார். வண்டியில் ஏற்றும்போது அப்பா செருப்பில்லாமல் கூடவே ஏறினார்.

பெண். ஒரு கிலோ அறுநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாய். ஒரு கையால் மூடிவிடலாம். நானும் பிழைத்துவிட்டேன், வலிப்பு வராமல். இங்கே யாரும் எங்களிடம் பணம் கேட்கவில்லை. கட்டிலுக்குக் கட்டில் நெருக்கம், வராந்தாவில் கூட்டம், நர்ஸ்கள் திட்டுகிறார்கள். ஆனால் இரவும் பகலும் அவள் பெட்டியருகே ஒருத்தி நிற்கிறாள்.

மோகன் மறுநாள் காலை ரயிலில் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கே தையல்.

அத்தை இன்னும் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டதாம், ஆடியில் வந்து பார்க்கக்கூடாதாம். பெண் என்று தெரிந்ததும் அந்தச் சம்பிரதாயம் ஞாபகம் வந்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

மோகன் தனியாகக் கோவில்பட்டி போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அப்பா இதுவரை கட்டியதில் பாதி, தவணையாக. இனி வருவதிலும் பாதி. அனுசுயா புருஷனும் வந்து, தலையைக் குனிந்துகொண்டு லோனில் தன் பங்கை ஒப்புக்கொண்டானாம். இனிமேல் கை நீட்டினால் வேறு மனு வரும் என்று ரெஜினா மேடம் அவனிடம் சொல்லி அனுப்பினாராம்.

முதல் தவணையை மோகன் அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "அவ கைல குடுங்க மாப்பிள்ள" என்றார். நான் வாங்கி அப்பா சட்டைப் பையில் வைத்தேன். தட்டிவிடவில்லை.

"இப்ப திருப்தியா?" என்று மோகன் கேட்டார்.

"இல்ல," என்றேன். "நான் கேட்டதுக்கப்புறம் குடுத்தீங்க. அது மறக்காது."

ஜூலை 31, வியாழன்

130/86.

அவளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி நெஞ்சோடு அணைத்தே வைத்திருக்கவேண்டும், தோலோடு தோல். அந்தச் சூட்டில்தான் எடை ஏறுமாம். மூன்று நாளாக நான்தான் வைத்திருக்கிறேன். சாய்ந்தபடியே சாப்பாடு, சாய்ந்தபடியே தூக்கம். தையல் நெருப்பாக எரிகிறது.

இன்று மதியம் பார்வையாளர் நேரத்தில் மோகன் ஆப்பிளோடு வந்தார். லீவு போட்டுத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்த நர்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான புள்ளைக்கு அப்பா? சட்டையக் கழட்டுங்க."

"இங்கயா?"

"பின்ன, வீட்டுலயா? அப்பா நெஞ்சும் சூடாத்தான் இருக்கும். உக்காருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். எட்டுக் கட்டிலிலும் பெண்கள். காது சிவந்துபோய்ச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் அவளை அவர் நெஞ்சில் கவிழ்த்து, துணியால் இறுக்கிக் கட்டினார். அவள் ஒருமுறை சிணுங்கி, அடங்கிவிட்டாள். மோகன் மூச்சைக்கூடப் பயந்து பயந்து விட்டார்.

"எவ்வளவு நேரம் சிஸ்டர்?"

"அவ முழிக்கிற வரைக்கும்."

நான் பக்கத்தில் என் கட்டிலில் படுத்தேன். இந்த மூன்று நாளில் என் நெஞ்சில் பாரமில்லாமல் படுத்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் அவர் குரல், கெஞ்சுவது போல, மிக மெல்ல:

"செண்பா, கை மரத்துப்போச்சு. அசையக்கூட முடியல."

"ஆமா," என்றேன். "முடியாது."

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூங்கிவிட்டேன்.